மூக்கில் வந்த பால்

காட்டுமுயல் குட்டியின் மூக்கு நுனியில் ஒரு பால் குமிழி வந்து உடைந்தது. முதல் அறிகுறி அதுதான். முந்தானையால் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

கேரளத்து வித்துராவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் தோட்டத்தில் மெஷின் வைத்துப் புல் வெட்டியபோது தாய்முயல் செத்துப்போனது. கண் திறந்திருந்த இரண்டு குட்டிகளைத் துண்டில் பொதிந்து, வெட்டியவர் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஏழு மாதம். கொத்தனார் வேலை செய்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே டிஸ்பேஜியா (விழுங்குவதில் சிரமம்). நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும் என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கவனிப்பவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது அன்பு அல்ல, பொறுமை. இதை யாரும் சொல்லித் தரவில்லை.

குட்டிகள் வந்த பிறகு அவர் சுவரைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றார். ஊசியில்லாத சிரிஞ்சில் ஆட்டுப்பால் எடுத்து, இடது கையால் துளித்துளியாகக் கொடுக்கப் பழகினார். ஒரு குட்டிக்கு அரைமணி நேரம்.

“எனக்க வலங்கையும் செரியாவும், பாரு” என்றார்.

அந்தப் பால் குமிழி வந்த அன்று காலை, நான் வேலை செய்யும் தையல் கடைக்கு நேரமாகிவிட்டது. அவர் குளியலறையில் இருந்தார். நானே குட்டியை மல்லாக்கப் பிடித்து சிரிஞ்சை அழுத்தினேன். ஒரே அழுத்து.

மதியம் அவர் பால் கொடுத்திருக்கிறார். மாலையில் நான் திரும்பியபோது குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம். மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“பால் லங்ஸில போயி, சேச்சி. கிடத்திப் பிடிச்சோ? ஆரா கொடுத்தது?” என்று டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார். படுக்கவைத்துப் பிடித்தீர்களா, யார் கொடுத்தது என்று. ஆஸ்பிரேஷன் நிமோனியா (உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் வரும் அழற்சி) என்றார்.

“வீட்டுக்காரருக்குக் கை சரியில்ல, டாக்டர்” என்றேன்.

ஊசி போட்டும் மறுநாள் காலையில் குட்டி செத்துக் கிடந்தது. வீட்டிலும் அதையே சொன்னேன். “மெதுவா குடுக்கணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் தன் இடது கையைப் பார்த்தார்.

மற்ற குட்டியை வனத்துறையில் ஒப்படைக்கச் சொன்னார் டாக்டர். ஒப்படைத்தேன். என் கணவர் அதன் பிறகு சுவரைப் பிடித்து நிற்கவில்லை. பிசியோதெரபி (இயன்முறைப் பயிற்சி) செய்ய வந்தவரையும் திருப்பி அனுப்பினார். வலது கையின் விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகின.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். “அந்தக் குட்டியக் கொன்னது நான்தான்.”

“தெரியும். பாத்ரூம் வாசல்ல நின்னு பாத்தேன்.”

“பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?”

வாயில் இருந்ததை விழுங்கி முடிக்கும்வரை நேரம் எடுத்துக்கொண்டார்.

“எனக்குக் கஞ்சி தாறது நீதானே.”

இப்போது ஒரு கிண்ணம் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். என் தொண்டையும் கூடவே ஏறி இறங்குகிறது. கடை, மழை, பஸ் எதற்கும் நான் அவசரப்படுவதில்லை. அவர் கரண்டியைப் பார்ப்பதில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறார்.