மூன்றாம் பாகம் கிடைத்த தங்கமணி

தங்கமணிக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரங்கள் பேசும். அந்த மாதம் முழுக்க அவை பேசிக்கொண்டே இருந்தன. காரணம் ஒரு புத்தகம்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பத்தாங் பெர்ஜுந்தையில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தவள் அவள். ரவாங் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிறாள். ஊசிமுனை ஓட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. மனிதர்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பாள், ஒரு ஓட்டை தெரிந்தால் போதும், கழித்துப் போட்டுவிடுவாள். தான் படித்த தமிழ்ப்பள்ளியில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு, என்றால் முதல் துடைப்பம் அவளுடையது. அதற்காகத்தான் ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்துச் சிறப்புச் செய்தார்கள்.

இப்போதெல்லாம் நம் விழாக்களில் மாலைக்குப் பதில் புத்தகம் கொடுக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் புவனேசன் கையில் போய்ச் சேர்ந்ததே, அதுதான் வினை. மேடை ஏறப் போகிறவர்கள் ஐந்து பேர். கடையில் பளபள அட்டையோடு ஒரு புராணக் கற்பனைத் தொடர், ஐந்து பாகம். மனிதர் கட்டைப் பிரித்தார், தனித்தனியாக வண்ணத்தாள் சுற்றினார், ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார்.

தங்கமணிக்கு வந்தது மூன்றாம் பாகம்.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இவள் கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி படிக்கிறவள். கதையில் எடுத்த எடுப்பிலேயே இளவரசன் ஒருவன் பன்னிரண்டு ஆண்டு கழித்து நாகலோகத்திலிருந்து திரும்பி வருகிறான். பெற்ற தாய், நாட்டுக்கே ராணி, கோட்டைக் கதவை அவன் முகத்துக்கு நேரே சாத்துகிறாள். “அன்று அவன் செய்ததற்கு வேறென்ன செய்வாள்?” என்கிறான் காவலாளி. மந்திரியும் அதையே சொல்கிறார். வானத்தில் பறக்கிற கருடன்கூடச் சொல்கிறது. அவன் அன்று என்னதான் செய்தான் என்று மட்டும் நானூறு பக்கத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது தங்கமணிக்கு.

ஆனாலும் அவள் ராணியின் கட்சி. ஒரு தாய் சும்மா கதவைச் சாத்துவாளா? அவள் வீட்டுக் கதவும் ஆறு வருடமாகச் சாத்தித்தான் கிடந்தது. மகள் ரூபிணியின் கல்யாணத்தில், தாலி கட்டுமுன், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனாள் தங்கை கண்மணி. கூடப் பிறந்தவளே பாதியில் போனால் சபை என்ன நினைக்கும்? அன்றோடு பேச்சு நின்றது. தான் செய்தது சரியா என்று தங்கமணி யாரிடமும் கேட்டதில்லை. இப்போது அந்த ராணி செய்தது சரி என்று அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

புவனேசனை போனில் பிடித்தாள்.

“தம்பி, ஒரு கதைய அஞ்சா வெட்டி ஆளுக்கொரு துண்டு குடுத்திருக்கியே, இது என்ன ஆட்டுக்கறியா?”

“அஞ்சு பேரு, அஞ்சு புக்கு. சரியா வந்துச்சுலா, அக்கா. தனித்தனி கதைன்னுல நெனச்சேன்.”

“அட்டையில மூணாம் பாகம்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. சரி, மத்தது யாருகிட்ட?”

“மொதலு குமாரசிங்கம் சார்கிட்ட. ரெண்டு...” புவனேசன் இழுத்தான். “ரெண்டு ஒங்க தங்கச்சிகிட்ட. அவங்களும் பள்ளிக்கு ஒதவி செஞ்சவங்கதான, விழாவுக்கு வரல, வீட்டுக்கே அனுப்பிட்டேன்.”

ஊரில் இத்தனை பேர் இருக்க அவளிடமா போக வேண்டும்! அன்று இரவு ரசம் வைத்த சட்டி படாத பாடு பட்டது.

குமாரசிங்கம் அசாம் ஜாவாவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வண்ணத்தாள்கூடப் பிரிக்காமல் எடுத்து வந்து நீட்டினார். “நீரே வச்சுக்கொள்ளும், பிள்ளை. எனக்குக் கண் பிடிக்குதில்லை.” மூன்று நாளில் படித்து முடித்தாள். யாகம், வரம், பிறப்பு, பேர் வைப்பு. கடைசிப் பக்கத்தில்தான் பயல் வில்லையே கையில் எடுக்கிறான். அவன் செய்த குற்றம் எதுவாக இருந்தாலும் இரண்டாம் பாகத்தில்தான் இருந்தது.

ரூபிணி கடைக்குப் போன் போட்டாள். விற்றுத் தீர்ந்ததாம், வர நாலு மாதமாம். “நான் வேணா சின்னம்மாகிட்டப் போய் வாங்கிட்டு வரவா, ம்மா?”

“தேவையில்ல.”

ஆள் விட்டு வாங்கினால் இளக்காரம். நேரே போவது, புத்தகத்தைக் கேட்பது, வாங்கியதும் திரும்பிவிடுவது. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இப்படித் தீர்மானம் செய்துகொண்டு, மூன்றாம் பாகத்தையும் பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்தாள். கண்மணி இருக்கும் புஞ்சாக் ஆலாமில் எல்லா வட்டச் சாலையும் ஒரே மாதிரி இருந்து தொலைத்தது. ஒன்றை மூன்று முறை சுற்றி, வழியெல்லாம் புவனேசனைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

கண்மணி இரும்புக் கதவுக்கு உள்ளே வந்து நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை. அக்காவின் முகத்தையும் பையையும் பார்த்தாள்.

“மூணாவது கொண்டாந்தியா?”

ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கை பேசிய முதல் பேச்சு அது.

“அவன் கதவுக்கு முன்னால வந்து நிக்கிறான், அதோட ரெண்டாவது முடிஞ்சிருச்சு,” என்றாள் கண்மணி. “மண்ட காயுது எனக்கு.”

“அவ சாத்திருவா,” என்றாள் தங்கமணி. “அவன் என்னதான் செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல. அம்மாவ பாம்பு கடிச்ச விஷம் எறங்கணும்னு நாகராஜாகிட்டத் தன்னையே குடுத்துட்டுப் போயிட்டான். பட்டம் கட்டுற அன்னிக்கு. அவ மானம் போச்சுன்னு நெனச்சுக்கிட்டா. ஏன் போனான்னு யாரையும் கேக்கல.”

தங்கமணிக்கு ராணியின் மேல் எரிச்சலாக வந்தது. இவளுக்காகவா ஒரு மாதமாகப் பரிந்துகொண்டு திரிந்தோம்? அந்த எரிச்சலிலேயே கேட்டுவிட்டாள்.

“சரி, நீ ஏன் போன?”

கண்மணி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஆரத்தித் தட்டு என் கையில இருந்துச்சு. நீதான் வந்து வாங்குன. ‘நீ போயி பந்தியப் பாரு’ன்ன. எங்க வீட்டுக்காரரு செத்து எட்டு மாசம்தான்க்கா ஆயிருந்துச்சு.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அன்று சோறு பற்றாமல் போனதும் பந்தியில் சத்தம் கேட்டதும் தங்கமணிக்கு நினைவிருந்தது. கண்மணியை விட்டால் அதைச் சமாளிக்க ஆள் இல்லை என்று நினைத்ததும் உண்மை. சம்பந்தி வீட்டு அம்மா ஒருத்தி தங்கை கையில் தட்டைப் பார்த்து முகம் சுளித்ததும் நினைவுக்கு வந்தது. எதற்காகத் தட்டை வாங்கினோம்? எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமும் சேர்ந்தே வரும்.

“ஆறு வருசமா இத சொல்லாம வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

“நீ கேட்டியா?”

தங்கமணி பையைத் திறந்து, மூன்றாம் பாகத்தைக் கம்பி இடுக்கு வழியாக உள்ளே நீட்டினாள்.

“கேக்கலடி. தப்புதான். இத நீ படி, நான் ரெண்டாவத படிச்சுட்டு வரேன். மொதல்ல பூட்டத் தொற, தொண்ட காயுது.”