கேடியும் காவடியும்

என் துரை சீமைக்குக் கப்பலேறப் போகிற வாரத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த ஒரு தோல் பையைக் காட்டி, எடுத்துக்கொண்டு போ என்றார். பைக்குள் கோல்ஃப் மட்டைகள் ஒன்பது. பன்னிரண்டு வருஷம் அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்ததற்கு இது மரியாதை என்று நெஞ்சு நிமிர்ந்தேன். கப்பலில் அவருக்குச் சாமான் கனம் கூடிவிட்டது என்பது பிறகுதான் தெரியவந்தது.

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க அதே பேச்சாக இருந்த வருஷம். துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டியதில் அவர்களுடைய கோல்ஃப் கிளப்பில் ஆள் குறைந்து, புல் இஷ்டத்துக்கு வளர ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் என்னைப் போன்ற கிராணிகளையும், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்களையும், சேர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். ஆனால் சும்மா இல்லை. கிளப் செயலாளரோடு சேர்ந்து ஒன்பது குழியும் ஒரு சுற்று ஆடிக்காட்ட வேண்டும். மொத்தம் அறுபது மட்டையடிக்குள் முடித்தால்தான் உறுப்பினர் கார்டில் கையெழுத்து.

அந்தக் கார்டு எனக்கு வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் கௌரவமான பதில் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிளப் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று துரைக்குக் கோப்புகளைக் கொடுத்துவிட்டு வெயிலில் திரும்பியவன் நான். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் வேலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

நேரம்தான் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து நாலரை வரை ஆபீஸ். வாரத்தில் இரண்டு சாயங்காலம் மலாய் வகுப்பு, ஏனென்றால் இனிமேல் மலாய் தெரியாத கிராணிக்குப் பதவி உயர்வு கிடையாது என்று பேச்சு. மற்ற சாயங்காலங்களில் காஜா பெராங்கில் என் வீட்டு வாசலில் கூட்டம். குடியுரிமை மனு எழுதத்தான். பிறந்த தேதி தெரியாதவர்கள், கப்பலில் வந்த வருஷம் மறந்தவர்கள், ஒரே ஆள் பெயரை மூன்று விதமாகச் சொல்பவர்கள் எல்லாரும் என் பேனாவை நம்பி வந்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, எனக்கு மட்டும் வருவதாக இல்லை.

ஆகவே விடியற்காலையைத் திருடினேன். ஐந்தரைக்கு எழுந்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பத்து பெரெண்டாம் விமானத் திடலுக்குச் சைக்கிள் மிதிப்பேன். அங்கே விமானம் எப்போதாவதுதான் வரும், மாடு தினமும் வரும். வேலியோரப் புல்லில் பந்தை வைத்து அடிப்பேன். பந்து போகாது. புல் மட்டும் கத்தையாகப் பறக்கும். மாடுகள் எனக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டன.

குறை எங்கே என்று தேடியதில் வயிற்றில் அகப்பட்டது. நான் குனிந்தால் பந்துக்கும் கண்ணுக்கும் நடுவில் என் தொப்பை வந்து நின்றுவிடும். துரையும் போகும்போது, "மட்டை கொடுத்துவிட்டேன், வயிற்றை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து ஆட்டுக்கறி நின்றது. சனிக்கிழமை ஸ்டௌட் பீர் பாட்டில் நின்றது. காலையில் பனிப்புல்லில் வெறுங்காலோடு நடை, வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் குளியல், இரவில் வெறும் பழம். இப்படி ஒரு மாதம் போனதில் பந்து எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மாள். பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன மலாக்காச் செட்டி வம்சம். கெபாயாவும் சாரோங்கும் கட்டி, அம்மனுக்கு எந்தத் தமிழச்சியையும்விடப் பக்தியாக விளக்கேற்றுவார். பேச்சு மட்டும் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது பூசைச் சாமான்களின் பெயரும் 'தம்பி' என்ற வார்த்தையும்தான். நான் அவரை மலாயில் அத்தை முறை வைத்து மக்சிக் என்று கூப்பிடுவேன். ஒருநாள் காலை கிணற்றடியில் நின்று தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கல்லுரலில் மிளகாய்ச் சம்பால் இடித்துக்கொண்டிருந்தார். தோளுக்கு என்ன என்று கேட்டார்.

கோல்ஃப் பையைச் சுமந்து கூடவே வருகிற ஆளுக்குக் கேடி என்று பெயர். போலீஸ் பட்டியலில் உள்ள ஆளை நாம் அப்படிச் சொல்வோம், துரைமார்கள் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொள்வார்கள். என் சோதனைக்குக் கேடி வேண்டாம், உடம்புக்கு நல்லது, நானே சுமக்கிறேன் என்று செயலாளரிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். அதை அப்படியே மக்சிக்கிடம் சொன்னேன். "கேடி தா அடா, மக்சிக். சாயா அங்காட் செண்டிரி." கேடி இல்லை, நானே தூக்குகிறேன். எந்த நாள் என்றும் சொன்னேன், சித்திரைக் கடைசி ஞாயிறு.

உரல் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது, காவடியை நானே தூக்குகிறேன் என்பது. சித்திரைக் கடைசி ஞாயிறு அம்மன் கோயில் திருவிழா. கோயில் பக்கம் பொங்கலுக்குப் பொங்கல் தலைகாட்டுகிற எனக்கு அது எங்கே ஞாபகம் இருக்கிறது? அம்மாள் குழவியைக் கீழே வைத்துவிட்டு என்னை நோக்கி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கோல்ஃபுக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது அவளுக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயின. இந்த முறை அவள் பயத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைத் தொட மாட்டாள். 'பிள்ளை' என்ற வார்த்தையே அவள் வாயில் வராது. 'இது' என்பாள். "இது இருக்குமோ இருக்காதோ" என்பாள். தைரியமாக இருந்தால் பாதி பாரம் குறையும் என்றாள் மருத்துவச்சி. தைரியத்தை எந்தக் கடையில் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க காவடி தூக்கப்போறத மக்சிக் சொன்னாங்க" என்றாள். "கறி வேணாம்னீங்க, தண்ணி வேணாம்னீங்க, விடிய எழுந்து வெறுங்கால்ல நடந்தீங்க. எனக்குத் தெரியாமலே இதுக்காக வேண்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் என்னமோ அந்தப் பந்துக்குன்னு நெனச்சிட்டேன் லா."

பந்துக்குத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தட்டில் சோற்றைப் போட்டு, என் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். "பிள்ளைக்குப் பசிக்குது" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பொய்யில் இவ்வளவு வசதி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. விரதக்காரன் என்று குடியுரிமைக் கூட்டம் சீக்கிரம் எழுந்துபோனது. மலாய் வகுப்பு வாத்தியார் முன்னதாகவே விட்டார். மக்சிக் நாற்பத்தெட்டு நாளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டு, எனக்குத் தினமும் இளநீர் அனுப்பினார். அம்மன் தயவில் என் கோல்ஃப் நன்றாக முன்னேறியது. வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகப் பயிற்சியை விட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

இரண்டும் ஒரே ஞாயிறு என்று தெரிந்ததும் செயலாளரிடம் போய் வேறு நாள் கேட்டேன். பழைய பட்டாளத்துக்காரர், சிவந்த முகம். அடுத்த வாரம் தானும் கப்பலேறுவதாகவும், இனி வருகிறவன் என்ன செய்வான் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து, சோதனை தள்ளிப்போய்விட்டது என்று மனைவியிடம் ஒரு பொய்யைச் சேர்த்துப் போட்டேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஏழு மணிக்கு ஆட்டம், ஒன்பது மணிக்கு முடியும், பத்து மணிக்குக் காவடி. திருவிழா அன்று கிளேபாங் கடலில் குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, முந்தின நாளே சைக்கிள் கடையில் ஒளித்துவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்று ஆடியது போல் நான் என் வாழ்நாளில் ஆடியதில்லை. வெறும் வயிறு, தொப்பை போன இடுப்பு, சுமந்து சுமந்து உரமேறிய தோள். பந்து நான் சொன்ன இடத்துக்குப் போனது. செயலாளர் பந்துதான் தென்னந்தோப்புக்குள் போய்விடும். ஒவ்வொரு தடவையும் அதை அவரே தேடித்தான் எடுக்க வேண்டும், வேறு பந்து போட மாட்டார். கால் வீக்கம் வேறு. இரண்டு குழிக்கு ஒருமுறை உட்கார்ந்துவிடுவார். எட்டாவது குழியை முடித்தபோது என் கணக்கு ஐம்பத்து மூன்று. கடைசிக் குழிக்கு ஏழு அடி மிச்சம். இருப்பதிலேயே சுலபமான குழி அதுதான் என்று செயலாளரே சொன்னார். சொல்லிவிட்டுச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். மணி பத்தாக இருபது நிமிஷம்.

நான் டீக்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு நின்றேன். டீ என்றால் பந்தைத் தூக்கிவைக்கிற சின்ன மரக்குச்சி. தச்சர்கள் பென்சிலைச் செருகுவது மாதிரி எனக்கு அது ஒரு பழக்கம். அவர் குடித்து முடிக்கட்டும் என்று நின்றால் காவடி போய்விடும். நான் வரவில்லை என்று மக்சிக் ஓடிப்போய்ச் சொல்வார். அடுப்படியில் அவள் மறுபடி 'இது' என்பாள். அந்த ஒரு வார்த்தையை நினைத்ததும் என் கை தானாகப் பையை எடுத்தது.

"சார், நான் போகவேண்டும். காவடி காத்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் மூக்கு இன்னும் சிவந்தது. "கேடியா? கேடி வேண்டாம் என்று நீதானே சொன்னாய்?"

விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஆட்டத்தை விட்டுப் போனால் கையெழுத்துக் கிடையாது என்று பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் வெளியிலிருந்து பார்த்த அந்த வேலியை ஏறிக் குதித்துச் சைக்கிளை எடுத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வழி முழுக்க அந்தப் பிளாஸ்க்கைத் திட்டிக்கொண்டே மிதித்து, பையைச் சைக்கிள் கடையில் போட்டுவிட்டு ஓடினேன்.

காவடிகள் புறப்படுகிற பிள்ளையார் கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. மக்சிக் என் மஞ்சள் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். கோயில் கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வேட்டியைச் சுற்றி, பால்காவடியைத் தோளில் ஏற்றினேன். தோளுக்குக் கனமே தெரியவில்லை.

எங்கள் தெருவில் வழக்கம், காவடி வரும்போது வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து மஞ்சள் தண்ணீரால் கால் கழுவிவிடுவார்கள். என் மனைவி ஆறு மாத வயிற்றோடு குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் என் காதைப் பார்த்தாள். கையை நீட்டி டீக்குச்சியை எடுத்தாள். காவடியோடு கூடவே வந்து பக்கத்தில் நின்ற மக்சிக் அதுவும் ஏதோ வேல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தனை நாள் கட்டிவைத்த பொய்யும் அவள் கையில் இருந்தது. மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எத்தனாவது குழில விட்டுட்டு வந்தீங்க?"

"எட்டு முடிஞ்சிச்சு."

"இன்னும் எத்தன?"

"ஒன்னுதான்."

அவள் முந்தானை நுனியில், சாமிக்கு நேர்ந்து காசு முடிவது போல, அந்தக் குச்சியை வைத்து இறுக்கி முடிந்தாள்.

"முடிஞ்சி வெக்கிறேன். பிள்ள வந்தப்புறம் அந்த ஒன்னயும் போய் ஆடிட்டு வாங்க. இப்ப நடங்க, பால் சிந்தப்போகுது."

நான் நடந்தேன். தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

மலாயில் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்தது, அது முடிந்து சில நாளில் பெண் பிறந்தாள். செயலாளர் ஊருக்குப் போயிருந்தார், அறுபது அடி விதியும் அவரோடு கப்பலேறிவிட்டது. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் நாங்கள் மூன்று பேருமாகக் கிளப்புக்குப் போனோம். அவள் சவுக்கு மரத்தடியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குச்சியைக் கொடுத்தாள். ஏழு அடியில் முடிக்க வேண்டிய குழி. அவள் சத்தமாக எண்ணினாள். பந்து ஒருவழியாகக் குழிக்குள் விழுந்தபோது பதினொன்று ஆகியிருந்தது, மொத்தம் அறுபத்து நாலு.

"அப்ப அன்னிக்கு நீங்க ஒன்னத்தயும் விட்டுட்டு வரல" என்றாள் அவள். பிள்ளை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.