தாத்தாவின் காதில் கடல்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. பஸ் ஏறி முதுகுளத்தூர், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறித் தேவிபட்டினம் போனால்தான் கடல். அப்படிப்பட்ட ஊரில், வைக்கோல் படப்போரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த என் தாத்தா ஒருநாள், "ஏத்தா, கடல் இரையுதே, கேக்குதா?" என்றார். எனக்குக் கேட்டதெல்லாம் காக்காய்தான்.

தாத்தாவுக்குச் சயரோகம். ஆள் தேறமாட்டார் என்று ஊரே முடிவுகட்டி, தனித்தட்டு, தனிக்குவளை, தொழுவத்துப் பக்கம் தனிக்குடிசை என்று ஒதுக்கிவிட்டது. அம்மா மட்டும் விடவில்லை. மாமனாரைத் தினமும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தாள். இருமல் அடங்கியது, கஞ்சி இறங்கியது. ஊர் வாயை மூடப்போன நேரத்தில்தான் இந்தக் கடல் வந்து சேர்ந்தது.

பேசிக்கொண்டே இருப்பார், சட்டென நிறுத்தி, வறண்ட கண்மாய்ப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்பார். தரையில் நடக்கும்போது வள்ளத்தில் நிற்பவர்போலத் தள்ளாடினார். நான் எட்ட நின்றே பார்ப்பேன். இருந்தும் ஒருநாள், கிட்டப் போகாதே என்று அம்மா சொல்லியிருந்ததையும் மீறி, அவர் காதோடு என் காதை ஒட்டிவைத்தேன். அடியாத்தீ, இரைந்தது! "எனக்கும் கேக்குதும்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா முகம் செத்துப்போனது.

அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சந்தேகமே இல்லை. "முன்னோருக கூப்பிடுறாக. எள்ளுந்தண்ணியும் எறைச்சு, இன்னுங் கொஞ்சநாள் விட்டுவையுங்கன்னு கேட்டுட்டு வந்துருவோம்."

காது இரைவதை டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முன்னோர் கூப்பிடுவதையெல்லாம் டாக்டரிடமா சொல்வார்கள்?

தை அமாவாசைக்குத் தேவிபட்டினம் போனோம். வாடைக்காற்றில் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. அய்யா கத்திப் பேசினால்தான் எங்களுக்கே கேட்டது. தாத்தா முழங்கால் தண்ணீரில் நின்று எள்ளை விட்டார். அலை இடுப்பில் அடித்தது. குழப்பத்தோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது, இங்கன கடல் சத்தமே போடலையே?"

அம்மா மணலில் விழுந்து கும்பிட்டாள். "விட்டுருச்சு! மாமாவ விட்டுருச்சு!" அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவளுக்கு. மறுநாளே ஊசிக்குக் கூட்டிப்போனாள்.

அன்று கடலிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் தாத்தா. "தாத்தா, அங்கன உப்பளம் பாருங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தாவின் கண்கள் திறந்தேதான் இருந்தன.

தாத்தா பிழைத்துக்கொண்டார். நெஞ்சைக் காப்பாற்றிய அந்த ஊசிதான் அவர் காதை எடுத்துக்கொண்டது என்று புரிய நான் வளர வேண்டியிருந்தது. அன்று பஸ்ஸில் மூன்றாம் முறை கூப்பிட வாயெடுத்தேன். அம்மா பொத்தினாள்.

"சும்மா இருடி. இப்பத்தான் அவுக நிம்மதியா இருக்காக."