இடது கைக்கு ஒரு பாக்கெட்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் ஓடும் பேனலில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்ப்பதென்றால், மீட்டரின் கறுப்பு ஒயரை முதலில் நியூட்ரலில் கிளிப் போட்டுவிட்டு, இடது கையைக் கோட்டுப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வேன். ஷாக் அடித்தாலும் கரண்ட் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சைக் கடந்து பாயக் கூடாதே!

ஒரு நாள் அந்தப் பாக்கெட் கிழிந்திருந்தது. சிவப்பு ஒயரை உள்ளே நீட்டும்போது, இடது கை என்னையறியாமல் பேனலின் இரும்புக் கதவைப் பிடித்திருந்தது.

“அண்ணா, கை!” என்று கத்தினார் எதிர் மெஷின் டெய்லர் பொன்னி. இரண்டு கைகளையும் எடுத்துப் பின்வாங்கினேன்.

“நெதமும் பாக்கறனுங்கண்ணா. ஒரு கை பாக்கெட்டுல இருக்கும். இன்னைக்குக் காணோம்னு பயந்துட்டனுங்க. கோட்டைக் குடுங்க” என்றார். டீ நேரத்தில் டீயைக்கூடக் குடிக்காமல், கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியில் பாக்கெட் தைத்துக் கொடுத்தார்.

கம்பெனி இப்போது புதுக் கோட்டு கொடுத்திருக்கிறது. அதன் பாக்கெட் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேனலைத் திறக்கும்போது பழசைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.