முள்ளுக்குள் நீண்ட கைகள்
கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த சொர்ணத்தாய்க்குப் பத்து வருஷமாக மூட்டுவாதம். விரல்கள் வீங்காமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை விழுங்குவாள். கொரோனாவுக்கும் அதே மாத்திரைதான் என்று டிவி சொன்னதும், அவளுக்கு அந்தச் சீக்குத்தான் என்று முடிவுகட்டி, ஊரார் அவள் வாசலைக் கருவேல முள்ளால் அடைத்துவிட்டார்கள்.

மாத்திரை இரண்டுதான் மிச்சம். வீங்கிய கையால் முள்ளைத் தள்ள முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். கோழிகூட மெனக்கெட்டுப் பதில் சொல்லவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில், முகத்தை மூடிக்கொண்டு தெருவே சத்தமில்லாமல் வந்து நின்றது. முள்ளிடுக்குகளில் ஏழெட்டுக் கைகள் உள்ளே நீண்டன.

"எக்கா, அந்த மாத்திரைல எங்களுக்கும் ஒண்ணு தாயேன்," என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்.

"முள்ள எடுங்கட்டி. கோவில்பட்டிக்கு நடந்தாவது போயி எல்லாருக்கும் வாங்கியாரேன்."

ஒரு கையும் முள்ளைத் தொடவில்லை. விரித்த கைகள் விரித்தபடியே நின்றன.