கோட்டையை வரையப் போய் மூட்டைக்குக் குறி போட்டேன்

திங்கட்கிழமைக்குள் ஓர் ஓவியம் கொடுத்தாக வேண்டும். கண்காட்சியின் தலைப்பு 'என் பூர்வீகம்'. கொடுக்காவிட்டால் மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். என் அப்பாவுக்கு, எங்கள் வாய்க்கு நைனாவுக்கு, சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம். கோட்டையையே வரைந்துவிடலாம் என்ற தெனாவட்டில், போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியது காலை பத்தரைக்கு. மூன்றரை மணி நேரப் பயணம் என்றார்கள். திண்டிவனத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றது. செஞ்சியிலிருந்து ஆட்டோவுக்கு நூறு, நுழைவுச்சீட்டு இருபத்தைந்து. ராஜகிரி அடிவாரத்தில் நான் நின்றபோது மணி மூன்று பத்து.

"மூணு மணிக்கு மேல ஏற வுடமாட்டோம்மா."

"பத்து நிமிஷம்தானே!"

"நாளைக்கு பத்து நிமிஷம் முன்னாடி வா," என்றார் காவலர். எரிச்சலில் கீழேயே உட்கார்ந்து வரைந்தேன். மாதக் காலண்டரில் வரும் அதே கோட்டைதான் வந்தது. என்னுடையது என்று சொல்ல அதில் ஒரு கோடு இல்லை. கிழித்துப் போட்டேன்.

இரவு தங்கியது பத்து கிலோமீட்டர் தள்ளி, வல்லத்தில் பெரியப்பா வீட்டில். மல்லாட்டை பிடுங்கி, காயவைத்து, நாற்பது சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர்.

"நீதான் படம் போடுறியே, குறி போட்டுடும்மா. காலைல வண்டி வந்துடும்," என்று பெயிண்ட் டப்பாவை நீட்டினார் பெரியப்பா. எனக்கு வந்த கோபம்! படித்தது ஓவியக் கல்லூரியில், போடுவது சாக்குக்குக் குறி.

மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டினார். வட்டம், உள்ளே பெருக்கல் குறி, கீழே இரண்டு புள்ளி. நைனா எங்கள் வீட்டுத் தண்ணீர் கேன், குடை, சிலிண்டர் எல்லாவற்றிலும் கிறுக்கி என் மானத்தை வாங்கும் அதே குறி! பார்க்க மொட்டையாக இருந்ததால், சுற்றிலும் இதழ் வைத்து அழகாக்கினேன்.

மறுநாள் செஞ்சி மார்க்கெட்டில் நாலைந்து பேர் சரக்கு ஒரே வண்டியில் இறங்கியது. சுமைதூக்குபவர்கள் குறி பார்த்துத்தான் அடுக்குவார்கள். எங்கள் மூட்டைகள் மட்டும் ஆளில்லாச் சரக்காக ஓரத்தில் கிடந்தன.

"இன்னாம்மா இது, பூ வரைஞ்சி வெச்சிருக்கிற? இது யாரு மூட்டைன்னு எவனுக்குத் தெரியும்?" பெரியப்பா எல்லார் முன்னாலும் கத்தினார். வெயிலில் நின்று நாற்பதையும் திருப்பிப் போட்டு, பின்பக்கம் மொட்டைக் குறியே போட்டேன். இருபதாவது மூட்டைக்குப் பிறகு கை தானாகவே போட்டது. நேற்றிலிருந்து தேடிய ஓவியம் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு காலிச் சாக்கைக் கேட்டு வாங்கினேன்.

கோட்டைக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே அடிவாரத்தில் இருங்கள், தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் கொடுக்கும் வேலையை அவர்கள் சொன்ன மாதிரியே செய்யுங்கள்.

சாக்கில் குறி போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். நான் வரைவது எதுவும் நைனாவுக்கு இதுவரை புரிந்ததில்லை. கண்காட்சிக்கு வந்தவர், யாரையும் கேட்காமல், அறுபது படங்களைத் தாண்டி நேராக அதன் முன்னால் போய் நின்றார்.

"நம்ம மூட்டை," என்றார்.