இடறி ஓடும் வண்டி

என் வண்டி நின்றபடி ஓடும்போது நாலு அடி அடித்து ஒரு அடியை விழுங்கும். டுக் டுக் டுக் டுக், அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி டுக். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. மாமனார் பாடி பக்கம் ஒரு கம்பெனி வேலைக்கு இதில்தான் போய்வந்தார். அவர் ஓட்டுவதை விட்டபிறகு எனக்கு வந்தது.

சேக்காட்டில் அவர் வீட்டில்தான் இருக்கிறோம். சாயங்காலம் தெருமுனையில் திரும்பி வேகம் குறைத்தால் அந்தச் சத்தம் வரும். மாமனார் எழுந்து வந்து கேட்டின் தாழ்ப்பாளை இழுப்பார். இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். பேச்சு அதிகம் கிடையாது.

அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. முதலில் பேர்கள் போயின. அப்புறம் முகங்கள். சில நாள் மகளையே பக்கத்து வீட்டுப் பெண் என்பார். என் முகமும் போனது. சத்தம் மட்டும் போகவில்லை. அந்தச் சத்தத்தோடு வருகிறவன் மாப்பிள்ளை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த மழையில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. எனக்கு அங்கே கோடவுனில் வேலை. தெரிந்த மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கார்பரேட்டர் முழுக்க சேறு என்றான். புதுசு மாட்டிக் கொடுத்தான். வண்டி ஒரு அடியும் இடறாமல் தையல் மெஷின் மாதிரி ஓடியது. வழியெல்லாம் ஈரத்தில் விளக்குகள் நீளமாகக் கிடந்தன. அவற்றின் மேல் மிதந்து வந்தேன்.

கேட் திறக்கவில்லை. ஹாரன் அடித்தேன். என் மனைவிதான் வந்து திறந்தாள். மாமனார் நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தார்.

"யாருப்பா நீ? எங்க மாப்ள வர்ற நேரம். வண்டிய ஓரமா வுட்டுக்கோ."

மனைவி சிரித்தாள். தட்டு வைத்தபோது சிரிப்பு நின்றது. அவர் தட்டைத் தள்ளினார்.

"மாப்ள வரட்டும்மா. அவனும் பசியோடதான வருவான்."

நான்தான் மாப்பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டார். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. காலையில் கொஞ்சம் கஞ்சி இறங்கும். அவ்வளவுதான். குளிக்கக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனபோது உடம்பு துணி மாதிரி இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள்.

மெக்கானிக்கிடம் போய் என் பழைய கார்பரேட்டர் வேண்டும் என்றேன்.

"இன்னா அண்ணாத்தே, புச்சு மாட்டிக் குட்த்தா பழச தேடிகினு வர்ற? எட்த்துக்கோ, மூட்டைல கீது."

மூட்டையைக் கொட்டினேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே அழுக்கு. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் பெட்ரோல் தங்கும் கப்பைப் பிடிக்கிற ஸ்க்ரூக்களில் ஒன்று எனக்கு அடையாளம். எப்போதோ தொலைந்ததற்குப் பதிலாக மாமனார் ரேடியோ ஸ்க்ரூ ஒன்றைப் போட்டிருந்தார். பித்தளை. துடைத்தபோது மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து கழற்றினேன். தகர மூடியில் பெட்ரோல் ஊற்றினேன். மேலே வண்ணம் வண்ணமாக ஏதோ ஓடியது. கப்பில் சேறு மாவு மாதிரி படிந்திருந்தது. மிதவையை எடுத்துக் குலுக்கினேன், உள்ளே தண்ணீர் இல்லை. பெட்ரோல் போகும் சின்ன ஜெட்டில் ஒயரிலிருந்து பிரித்த செம்பு இழையை விட்டு, ஊதி, வானத்துக்கு நேராகப் பிடித்தேன். அந்த ஓட்டைக்குள் வெளிச்சம் ஒரு புள்ளியாக நின்றது. பகலில் நட்சத்திரம் பார்த்த மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கீழே ரயில் போகிற சத்தம் கேட்டு முடிந்தபிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே போய் வண்டியில் மாட்டி உதைத்தேன். ஒரு அடிகூட விடாமல் ஓடியது. சேற்றோடு அந்தச் சத்தத்தையும் கழுவிவிட்டிருக்கிறேன். மாமனார் நாற்காலியை விட்டு அசையவில்லை.

சாயங்காலம் வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். புங்கமரத்தடியில் நிறுத்தி ஓடவிட்டேன். கார்பரேட்டர் பக்கத்தில் காற்று ஸ்க்ரூ இருக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறையும், பெட்ரோல் கூடும், வண்டி இடறும். கொஞ்சம் திருகினேன். இடறவில்லை. இன்னும் கொஞ்சம். புகை வந்தது. பால்கனியிலிருந்து ஐடி கம்பெனிக்காரர் ஒருவர், அண்ணே, பக்கத்துத் தெருவில் நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்றார். தலையாட்டினேன்.

நின்றபடி ஓடும் வேகத்தைக் குறைக்க ஸ்பீடு ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். நாலு அடி, ஒரு இடைவெளி. இல்லை, இடைவெளி சின்னது. மறுபடி திருகினேன். கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருடம் நான் இந்தச் சத்தத்தின் மேல் உட்கார்ந்து வந்தவன். அவர் அதைத் தூரத்திலிருந்து கேட்டவர். இரண்டும் வேறாக இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. வண்டியை ஓடவிட்டபடியே வீட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்தேன், கேட்டேன், திரும்பி வந்து திருகினேன். இருட்டத் தொடங்கியது. புகை மரத்தடியில் தங்கிக் கிளைகளுக்குள் ஏறியது.

டுக் டுக் டுக் டுக். ஒன்றுமில்லை. டுக்.

தெருவின் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் இழுபடும் ஓசை கேட்டது.

ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெல்ல ஓட்டிப் போனேன். கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"இன்னா மாப்ள, இவ்ளோ நேரமா? வா, சோறு துன்லாம்."

லிட்டருக்கு இப்போது முன்னைப்போல் ஓடுவதில்லை. புகையும் இருக்கிறது. அந்த ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாது என்று மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.